மூன்றாவது வாரத்துப் பரிசல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. துடுப்பைப் பரண் மேல் ஏற்றிவிட்டாயாம்; மச்சான், அதாவது உன் அப்பா, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாராம். "குடல் புற்றுநோய்க்கு கீமோ ஏறுற மனுசன் பரிசல் ஓட்டலாமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். ஓட்டலாம். எந்த நாளில் ஓட்டுவது, எந்த வேலையை விட்டுவிடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் அவருடைய பரிசல் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், ஓமலூரில் மேட்டூர் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் கொளத்தூர் வந்து, பண்ணவாடியில் எங்கள் வீட்டில் பையை வீசிவிட்டு நேராகத் துறைக்குப் போய்விடுவார். என் அப்பா அவருக்குத் தாய்மாமன் என்பதால் கேட்க ஆளில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு அது ஆற்று ஓட்டத்தில் போகும் வேடிக்கை. மேட்டூர் அணைத் தண்ணீர் வேறு. அங்கே ஓட்டம் கிடையாது. முன்பக்கமாகத் துடுப்பைப் போட்டு, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரு கை கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் பரிசல் நின்ற இடத்தில் தட்டாமாலை சுற்றும். மச்சான் எதிரே நாகமரைக் கரைக்குக் கோடு போட்டதுபோல் போவார். 1934-ல் அணை கட்டி முடிந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது தலைகாட்டும் அல்லவா? அணை நிறைந்து 120 அடியைத் தொட்டு நிற்கும்போதுகூட, அவை எந்த இடத்தில் முழுகிக் கிடக்கின்றன என்று மேலே நின்றபடியே காட்டுவார். அப்படிப்பட்ட ஆளைத் திண்ணையில் உட்கார வைத்தால் உடம்பு தேறிவிடும் என்று யார் சொன்னது?

சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள், எனக்குத் தெரியும். நோய் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு கிலோ ஆப்பிளும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரு புத்திமதியும் கொண்டுவருவார்கள். டாக்டர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பெண்கள் அந்தக் கையால் பாரமான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை வீங்கிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்ஸி என்ற மருத்துவர் 1996-ல் அப்படிப்பட்ட 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகு என்னும் நீளப் படகில் உட்கார வைத்துத் துடுப்புப் போடச் சொன்னார். பயந்ததுபோல் கைவீக்கம் வரவில்லை, பெண்கள் உற்சாகமாகிவிட்டார்கள். இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. பயத்தை உட்கார்ந்து விவாதிக்காமல் தண்ணீரில் இறங்கிப் பார்த்தாரே, அதனால்தான் அந்த மனுசரை எனக்குப் பிடிக்கும்.

நம் வீட்டு நோய்க்கே கணக்கு இருக்கிறது. ஆபரேஷனும் கீமோவும் முடிந்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு மூன்று வருடம் முறையான உடற்பயிற்சியும், மறுபாதிப் பேருக்கு வெறும் ஆலோசனைப் புத்தகமும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2025 ஜூனில் வந்தது. ஐந்து வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் உடற்பயிற்சிப் பக்கம் நூற்றுக்கு 80 பேர், மறுபக்கம் 74 பேர். அது கீமோ முடிந்தவர்களின் கணக்கு. மச்சானுக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சிகிச்சை நடக்கும்போதே வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேரம் மிதமாக உடம்பை அசைத்தால் அந்தப் பாழாய்ப்போன அசதி குறையும் என்பது 2019-லேயே நிபுணர்கள் கூடிச் சொன்னதுதான். படுத்தே கிடந்தால் அசதி கூடும்.

அதற்காகப் படகு புற்றுநோயைக் குணமாக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. பிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற ஆங்கிலேயர் கதையை யாராவது கொண்டுவருவார்கள். 1958-ல் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள், ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை, 1960-ல் தனியாகப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து பந்தயத்தில் ஜெயித்தார், பிறகு உலகத்தையே சுற்றினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே பந்தயத்தில் ஓடிய டேவிட் லூயிஸ் ஒரு டாக்டர். அது புற்றுநோயே இல்லை, நுரையீரலில் சீழ்க்கட்டியாக இருந்திருக்கும் என்பது அவர் கருத்து. கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இனி நம் கணக்கு. மச்சானுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. முதல் நாள் டிரிப்பில் ஆக்சாலிபிளாட்டின். அன்றிலிருந்து 14 நாள் காலையும் ராத்திரியும் கேபசிட்டபைன் மாத்திரை. அப்புறம் ஏழு நாள் ஓய்வு. டிரிப் ஏறிய முதல் ஐந்தாறு நாள் அவர் குளிர்ந்த எதையும் தொடக் கூடாது. விடியற்காலை அணைத் தண்ணீரில் விரலை நனைத்தால் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும். சில்லென்று ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். அந்த மருந்தின் குணம் அது. இரண்டாம் வாரம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்குகிற வாரம், 'கவுண்ட் கம்மி' என்பார்களே அது. மாத்திரையால் வயிற்றுப்போக்கும் வரலாம். நடு அணையில் அவசரமென்றால் எங்கே ஒதுங்குவார்? ஆகவே நமக்குக் கிடைப்பது மூன்றாவது வாரம். அடுத்த டிரிப்புக்கு முன்னால் எப்படியும் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அந்த வாரத் தொடக்கத்திலேயே எடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொள். கவுண்ட் சரியாக இருந்தால் கிளம்பலாம்.

அவர் உள்ளங்கையைப் பார்த்தாயா? அந்த மாத்திரை உள்ளங்கையையும் பாதத்தையும் சிவக்க வைக்கும், தோல் உரியும். அதோடு துடுப்புப் பிடித்தால் கொப்புளமாகிவிடும். சிவப்பு இருந்தால் அந்தத் தடவை நீ ஓட்டு, அவர் வழி சொல்லட்டும். சிவப்பு இல்லாவிட்டாலும் துடுப்புக் காம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்று. சுற்றுகள் ஏற ஏற விரல் நுனி மரத்துப்போகவும் செய்யும்; வலை நரம்பு கிழித்தாலும் தெரியாது. வலையிலிருந்து மீன் கழற்ற விடாதே. ஜிலேபி மீனின் முதுகு முள் குத்தினால் நமக்கு ஒரு நாள் கடுப்பு, அவருக்கு ஆஸ்பத்திரி வாசம். பரிசலைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிவரும் பழக்கமும் இருக்கிறது. வயிற்றில் தையல் போட்டவர் அதைத் தூக்கினால் குடல் பிதுங்கும். துறையில் கேட்டால் தூக்க நாலு பேர் வருவார்கள்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். "நான் நீந்தாத தண்ணியா?" என்பார், காதில் போட்டுக்கொள்ளாதே. மார்பில் தோலுக்கடியில் மருந்து ஏற்றப் போர்ட் வைத்திருக்கிறார்களே, ஜாக்கெட் பட்டை சரியாக அதன் மேல்தான் உரசும். சின்னத் துண்டை மடித்து இடையில் வை. ஊசி குத்திய இடம் ஆறாமல் இருந்தால் அன்று தண்ணீர்ப் பக்கமே வேண்டாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, எட்டு மணிக்குள் கரை. இந்த மருந்துகளோடு வெயில் ஒத்துப்போகாது. திரும்பி வந்தபின் எந்த நேரமாக இருந்தாலும் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதே. உடனே சேலத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி எடு.

இதையெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல். "அப்பா பரிசல் ஓட்டுவார்" என்று மட்டும் சொன்னால் பதறிப்போய் வேண்டாம் என்பார். எத்தனை நிமிடம், எந்த வாரம், கூட யார் இருப்பார்கள் என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டு. அதற்குத்தான் ஒழுங்கான பதில் கிடைக்கும். வேண்டாம் என்றால் அந்தச் சுற்றில் வேண்டாம்தான். உங்கம்மாவிடம் நான் பேசுகிறேன். எனக்குத் தங்கைதானே, முதலில் கத்துவாள், அப்புறம் புளிச்சோறு கட்டிக்கொடுப்பாள்.

ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. நேற்று அலை துறைப் படிக்கட்டில் அடித்தது. வழக்கமாக வலை போடுகிறவர்களே இறங்கவில்லை. நீ எழுதிய தேதிப்படி அடுத்த சுற்றின் மூன்றாவது வாரம் ஆவணியில் விழுகிறது. அதற்குள் பரிசல் அடியில் தார் பூசி வைக்கிறேன். புதன் அல்லது வியாழன் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை துறையில் கூட்டம். முதல் நாள் ராத்திரியே வந்து தங்கிவிடுங்கள், விடியற்காலை பஸ்ஸை நம்ப முடியாது.

அன்புடன்,
மாமா