கொழுந்துக் கூடையும் கமராப் பையும்

அட்டன்,
ஆனி மாதம், மழை விடாத ஒரு ஞாயிறு.

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும், கூடவே அனுப்பிய இரண்டு பைகளின் படங்களும் கிடைத்தன. "இதில் எதை வாங்கட்டும் சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறாய். ஏற்கெனவே இரண்டு பை இருப்பதைக் கடைசி வரியில், அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய். அந்த அடைப்புக்குறியை எனக்கு நன்றாகத் தெரியும். என் அலுமாரிக்கு மேல் ஏழு பைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்த அன்று உன் சித்தியிடம் நானும் அப்படித்தான் சொன்னேன்: எல்லாக் கதையும் பேசி முடித்தபிறகு, குரலைத் தாழ்த்தி.

ஆகவே இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதே. ஏழு பைக்குக் காசு கொடுத்துப் படித்த பாடம் உனக்கு ஒரு முத்திரைச் செலவில் கிடைக்கட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

பை வாங்கப் புறப்படுமுன் உன் அம்மா கூடை சுமப்பதை ஒரு நாள் நின்று பார். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதானே என்பாய். அதனால்தான் பார்த்திருக்கமாட்டாய். கயிறு தலையில், பாரம் முதுகில், படங்கு இடுப்பில். இரண்டு கையும் கொழுந்துக்கு. கூடையைப் பிடித்துக்கொள்ள ஒரு விரல்கூடச் செலவாவதில்லை. பறித்ததைத் தோளுக்குப் பின்னால் வீசும்போது திரும்பிப் பார்ப்பதுமில்லை. கூடையின் வாய் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். இப்போது பல தோட்டங்களில் மூங்கில் கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது. சுமக்கிற விதம் மாறவில்லை. நூற்றைம்பது வருடமாக இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கித் தேறிய விதம் அது.

கமராப் பைக்கும் கேள்வி அதுதான். கை சும்மா இருக்கிறதா? பார்க்காமல் எடுக்க முடிகிறதா?

நீ அனுப்பியதில் முதலாவது, முதுகில் மாட்டுகிற பெரிய கறுப்புப் பை. பத்து அறை, இருபது கொளுக்கி, பக்கத்தில் தொங்குகிற பட்டிகள். கொழும்பில் நடைபாதையில் நடக்கிறவருக்குச் சரி. நம் மலைக்குள் இறங்கினால் இடுப்பளவு நிற்கிற தேயிலைச் செடி தொங்குகிற ஒவ்வொரு பட்டியையும் பிடித்து இழுக்கும். கவ்வாத்து வெட்டிய மலை என்றால் கேட்கவே வேண்டாம், வலைத் துணிப் பொக்கெட் ஒரே நாளில் கிழியும். அதைவிடப் பெரிய குறை, கமரா வேண்டுமென்றால் பையைக் கழற்றிக் கீழே வைத்து, குனிந்து, சுற்றிவர சிப்பைத் திறக்க வேண்டும். நீ நிமிர்வதற்குள் மூடுபனி விலகி மறுபடி மூடிவிடும். தரையில் வைத்த பையில் அட்டையும் ஏறிவிடும்.

இரண்டாவது, ஒற்றைப் பட்டியில் தோளில் மாட்டுகிற பை. கைக்கு எட்டும், ஆனால் சரிவில் குனிந்தால் முன்னால் ஆடி முழங்காலில் இடிக்கும். அதற்கு வழி இருக்கிறது. பட்டியைக் கழுத்துக்குக் குறுக்காகப் போட்டு, பை இடுப்பெலும்பில் உட்காருமளவு குட்டையாக்கு. இடுப்பைச் சுற்றி மெல்லிய பட்டி ஒன்றும் தைத்துக்கொள். அட்டனில் ஸ்கூல் பேக் தைக்கிற எந்தத் தையல்காரரும் பத்து நிமிடத்தில் செய்து தருவார்.

இப்படித் தேவைக்கேற்பத் தைத்துக்கொண்டதுதான் நல்ல கமராப் பைகளின் சரித்திரமே. 1970களின் நடுவில் அமெரிக்காவில் பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஜிம் டோம்கி, விறைப்பான பெட்டிகளைத் தூக்கி அலுத்துப்போய், இடுப்போடு ஒட்டிக்கொள்கிற மெத்தென்ற கன்வஸ் பை ஒன்றைத் தனக்கென்று செய்துகொண்டார். மற்றவர்கள் எனக்கும் எனக்கும் என்று கேட்க, அது ஒரு வியாபாரமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் பில்லிங்ஹாம் நிறுவனம் 1973இல் தொடங்கியபோது தைத்தது மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கான பை. படப்பிடிப்பாளர்கள் அதை வாங்கி உள்ளே கமராவை வைக்க ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் கமராப் பைக்காரர்கள் ஆனார்கள். வேறொரு வேலைக்கான பையில் உன் வேலை நடந்தால் அதுவே உன் பை. 'கமரா' என்ற பெயர் மேலே ஒட்டியிருக்க வேண்டியதில்லை.

ஒட்டியிருக்காமல் இருப்பதே நல்லது என்பேன். பளபளக்கும் பெயர்ப்பட்டி போட்ட பையோடு நீ மலைக்குள் போனால், உன்னைத் தூக்கி வளர்த்தவர்களே ஒரு கணம் சேலையைச் சரிசெய்துகொண்டு பயணிக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரிப்பார்கள். பழைய புத்தகப் பையோடு போ. "என்ன டீச்சர், பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். உனக்கு வேண்டிய படம் அந்தப் பார்க்காத முகத்தில்தான் இருக்கிறது.

புத்தகப் பையைக் கமராப் பையாக்க, உள்ளே வைக்கிற மெத்தைப் பெட்டி ஒன்று போதும். கடையிலும் விற்கிறார்கள், நீயே செய்தும் கொள்ளலாம். தண்ணீரை உறிஞ்சுகிற சாதாரண ஸ்பொன்ச் வேண்டாம். தரையில் விரித்துப் படுக்கிற பாய் இருக்கிறதே, தண்ணீர் ஏறாத ரகம், அதை வெட்டி, பழைய போர்வைத் துணியால் மூடித் தை. நடுவே ஒரு தடுப்பு. ஒரு கமரா, மாட்டிய லென்ஸ், இன்னொரு லென்ஸ், ஒரு பற்றரி. அன்றாடம் படம் எடுக்க இதற்குமேல் தேவையில்லை. இடம் இருக்கிற பை எப்போதும் நிறைந்துவிடும், நிறைந்த பை வீட்டிலேயே தங்கிவிடும்.

கடைக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் கமராவை எடுத்து, திரும்ப வைத்துப் பார். முடியவில்லையென்றால் அந்தப் பையை வைத்துவிட்டு வா. பட்டி பையோடு சேருகிற இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்கிறதா என்று பார். வெல்குரோவை ஒருதரம் பிரித்துக் கேள். நான் கேட்காமல் வாங்கினேன். ஒருநாள் இழவு வீட்டில், தப்பு அடிப்பது ஓய்ந்திருந்த நேரம் பார்த்துப் பையைத் திறந்தேன். சேலை கிழிவதுபோல ஒரு சத்தம். அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் படமே எடுக்கவில்லை.

உள்பக்கத்தைத் தடவியும் பார். தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய பொலியூரத்தேன் பூச்சு ஈரக்காற்றில் சில வருடங்களில் பிசுபிசுத்து, பிறகு தோல் உரிவதுபோல் உரியும். என் ஏழில் இரண்டு அப்படித்தான் போயின. உபயோகித்துத் தேய்ந்து போகவில்லை, அலுமாரிக்கு மேல் சும்மா இருந்தே போயின. பை சேர்த்து வைக்க நினைப்பவருக்கு நம் ஊர்க் காற்று சொல்லுகிற முதல் புத்தி அது. மெழுகு பூசிய பருத்திக் கன்வஸ் அப்படி உரியாது. ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தோல் பையைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதே. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து லென்ஸுக்குக் கொடுக்கும்.

வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா என்று மேற்குப் பார்த்த மலைகளில் வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்றில் பெய்கிற மழைக்குப் பையோடு தருகிற மழை உறை மட்டும் போதாது. முதுகுப் பக்கத்தாலும் தையல் துளையாலும் தண்ணீர் ஏறும். கமராவைத் தடித்த பொலித்தீனில் சுற்றி உள்ளே வை. சீனி மூட்டையின் உள்பை நல்லது. உர மூட்டையின் உள்பையை எடுத்துவிடாதே. ஒட்டியிருக்கிற உரம் ஈரத்தை இழுத்துக் கமராவின் உலோகத்தை அரிக்கும்.

வெளியிலிருந்து வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். கமராவை உண்மையில் கெடுப்பது பைக்குள் குடியிருக்கிற ஈரம். இதற்கும் கூடையிடமே போகலாம். பறித்த கொழுந்து கூடைக்குள் இரவு தங்குமா? நாளைக்கு இரண்டு மூன்று தரம் நிறுவைக்குப் போய்க் காலியாகிறது. அமுக்கி அப்படியே வைத்தால் கொழுந்து சூடேறிச் சிவந்து, தொழிற்சாலைக்கு ஆகாமல் போய்விடும். கூடை சுமப்பதற்குத்தான், வைத்திருப்பதற்கு அல்ல. உன் பையும் அப்படியே. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் கமராவை வெளியே எடு. பையை உதறி, வாய் திறந்து, அடுப்புப் புகை படாத இடத்தில் தொங்கவிடு. கமராவும் லென்ஸும் இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு போகட்டும். கூடவே ஈரப்பதம் காட்டுகிற சிறு மானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நல்லது. 60ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நீல ஜெல் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சிறு தணலில் வறுத்தால் நீலம் திரும்பும். ஆனால் வறுத்த சட்டியில் மறுபடி சமைக்காதே. நான் ஆசை ஆசையாக வாங்கிய ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, விலை கூடிய மெத்தைப் பைக்குள் ஒரு மழைக்காலம் முழுதும் பத்திரமாகத் தூங்கியது. எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் ஓடியிருந்தது. பத்திரப்படுத்தியதுதான் நான் செய்த தவறு.

போன வருடம் பொகவந்தலாவைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது புனித மேரி தேவாலயத்துக்குள் நுழைந்து பார்த்தேன். ஜூலியா மார்கரெட் கமரன் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கி, உலகமே பேசுகிற படங்களை எடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் கண்மூடினார். அட்டனுக்கு ரயில் வந்ததே அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான். அவர் காலத்து முறையில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். மொத்த அவகாசம் ஏறக்குறைய பத்து நிமிடம். அவருடைய பெரிய தட்டுகளோ 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். ஓர் இருட்டறையையே கூடச் சுமந்தால்தான் வாசலைத் தாண்ட முடியும். உன் பை ஒரு கிலோவுக்கு உள்ளே இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வாய்க்காத வசதி இது என்பதைப் பை தேடி அலையும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்.

அவர் இங்கே எடுத்ததில் சில படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள் கூட்டம். முகங்கள் அத்தனை துல்லியம். பேர்தான் இல்லை. யார், யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அந்தப் படத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவரைச் சொல்லி என்ன பயன்? நானும் முப்பது வருடமாக மலையில் எடுத்த படங்களில் பாதிக்குப் பேர் எழுதவில்லை.

நம் தோட்டத்தில் பேர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். கொழுந்து நிறை சரியாக இருந்தால் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு நாள் உழைப்புக்கே பேர் என்றுதான் பேர் வைத்திருக்கிறோம். படமெடுக்க நின்றுகொடுத்தவருக்கு நீ அரைப்பேர்கூடப் போடாமல் வந்துவிடாதே. பையில் எத்தனை அறை இருந்தாலும் ஒன்றே ஒன்று முக்கியம்: கொப்பியும் பென்சிலும் வைக்கிற அறை. மழையில் பேனா கரையும், பென்சில் கரையாது. அதே அறையில், போன தடவை எடுத்த படங்களின் பிரதியையும் வைத்துக்கொண்டு போ. கொடுக்க வருகிறாள் என்று தெரிந்தால் அடுத்தமுறை யாரும் சேலையைச் சரிசெய்ய மாட்டார்கள்.

பை சேர்ப்பது பாவமில்லை மகள். நானும் ஆசைக்காரன்தான். ஆனால் என் பழைய பற்றுச்சீட்டுகளின் திகதியையும் படங்களின் திகதியையும் ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படமே எடுக்காத மாதங்களில்தான் பை வாங்கியிருக்கிறேன். பை வாங்கும்போது படம் எடுத்துவிட்டதுபோல ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அடுத்த பை கேட்கிற ஆசை வந்தால், அந்த வாரம் கமராவை எத்தனை நாள் வெளியே எடுத்தாய் என்று எண்ணிப் பார். உனக்குத் தேவையானது அன்றாடத்துக்கு ஒன்று, சிவனொளிபாதமலைப் பருவத்தில் இரவோடிரவாகப் படியேற முதுகுப் பை ஒன்று. உன்னிடம் இருக்கிற இரண்டும் அதற்குப் போதும். மூன்றாவது வேண்டாம்.

இத்தோடு ஒரு பார்சல் வருகிறது. திறக்குமுன்னே சொல்லிவிடுகிறேன், உள்ளே பை இல்லை. கால் கிலோ சிலிக்கா ஜெல்லும், பொக்கெட்டில் அடங்குகிற ஒரு கொப்பியும் இருக்கின்றன. கொப்பியின் முதல் வரியை உன் அப்பாயிக்கு ஒதுக்கு. அடையாள அட்டையில் இருக்கிற படத்தைத் தவிர அவருக்கு வேறு படம் கிடையாது, அதில் அவர் பேரையும் பிழையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நீ சரியாக எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா