கைக்கு வருமுன் கொடுப்பது

என் சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிக்குக் கீழே 'நன்கொடை' என்று ஒரு பிடித்தம் இருக்கும். மாதம் 500 ரூபாய். விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கணக்குப் பிரிவே பிடித்து, நாம் சொன்ன தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுப்போம் என்று நினைப்பவருக்கு வீட்டுக்கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் போக எதுவும் மிஞ்சாது. கைக்கே வராத பணத்தை மனசு தேடுவதில்லை.

பெறுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் பணம் போவது சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கு. அதை நடத்தும் அம்மா வரவு நோட்டைப் பிரித்துக் காட்டினார். டிசம்பர், ஜனவரிப் பக்கங்களில் இடமே இல்லை: பிறந்தநாள் சாப்பாடு, திதிச் சாப்பாடு, கேக், போர்வை. ஜூன் பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. "சாப்பாடு போட ஆள் வருவாங்க சார். வேன் டிரைவர் சம்பளத்துக்கு யார் வருவா?" என்றார். அந்த வேன் வராவிட்டால் நடக்க முடியாத பிள்ளைகள் அன்றைக்கு வீட்டிலேயேதான் கிடக்க வேண்டும். சம்பளப் பிடித்தமாக வரும் தொகை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே தேதியில், ஒரே அளவில் இருந்தது. அதை நம்பித்தான் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வாரத்தில் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார். "மாசாமாசம் வரும்னு தெரிஞ்சாத்தானே ஒருத்தரை வேலைக்கு வைக்க முடியும்?"

அதனால், இன்ன செலவுக்குத்தான் என்று நிபந்தனை போடாமல் கொடுங்கள். கரன்ட் பில்லுக்கும் டீசலுக்கும் போகும் பணமும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் போகிறது. நாலு இடத்துக்குப் பிரிக்காமல், நேரில் போய்ப் பார்க்க முடிகிற ஓர் இடத்துக்கே கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

வரிச் சலுகையைப் பெரிதாக எண்ணி இறங்க வேண்டாம். பிரிட்டனில் 1987 முதல் இருக்கும் இதே போன்ற சம்பளப் பிடித்தத் திட்டத்தில் வரி கணக்கிடும் முன்பே நன்கொடையைக் கழித்துவிடுகிறார்கள். அடிப்படை வரி கட்டுபவர் 10 பவுண்டு கொடுத்தால் அவர் கையிலிருந்து குறைவது 8 பவுண்டுதான். நம் ஊரில் வரிக் கழிவுக்கான 80ஜி அனுமதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் பாதித் தொகைக்கே கழிவு உண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தால் 3,000 ரூபாய் கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்குச் சுமார் 600 ரூபாய் மிச்சம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுவையுங்கள்: உங்கள் அலுவலகம் எல்லோர் பணத்தையும் மொத்தமாக அனுப்பும்போது உங்கள் பெயரும் பான் எண்ணும் சேர்ந்து போகிறதா? போனால்தான் அந்தக் கழிவுக்கான 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் உங்கள் பெயரில் வரும்.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் சம்மதம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. தர விரும்பாதவர்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த நிபந்தனையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நோக்கம் எவ்வளவு நல்லதானாலும், 'முடியாது' என்று ஒருவரை எழுத வைப்பது வற்புறுத்தல்தான். எங்கள் அலுவலகத்தில் கொடுத்தவர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது எடுத்துவிடச் சொன்னேன். கல்விக் கடனோடு புதிதாகச் சேர்ந்த பிள்ளை அதில் தன் பெயர் இல்லையே என்று கூசக் கூடாது. எடுத்துவிட்டார்கள்.

வேலை மாறும்போது இந்தப் பிடித்தம் சத்தமில்லாமல் நின்றுவிடும். பணம் பெறும் இடத்திலோ ஒருவருடைய சம்பளம் அதை நம்பியிருக்கிறது. ராஜினாமா கொடுத்த கையோடு அவர்களுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். புது இடத்தில் இந்த வசதி இல்லையென்றால், சம்பளம் ஏறும் நாளுக்கு மறுநாளே அதே தொகை போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம்.