யானைக் காசின் தரம் அறிவோம்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய நம் கிளை ஒன்றுக்கு, மூத்த வாடிக்கையாளர் ஒருவர் கைக்குட்டையில் முடிந்த இரண்டு செப்புக் காசுகளுடன் வந்தார். இரண்டிலும் யானை உருவம். ஒன்று பழுப்பேறி மங்கியிருந்தது; மற்றொன்று புதுச் செம்பைப் போலப் பளபளத்தது. "இதை இலட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகத் தொலைபேசியில் சொன்னார்கள், சார். முதலில் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டுமாம்" என்றார். அக்கட்டணத்தைச் செலுத்தவே அவர் வந்திருந்தார். அன்று நாம் அவருக்கு எடுத்துரைத்தவற்றையே இங்கே பாடமாகத் தருகிறோம்.

எல்லையும் காசுகளும்

எல்லைப் பகுதியின் பழைய பெட்டிகளில் பல அரசுகளின் காசுகள் கலந்து கிடப்பது இயல்பே. விடுதலைக்கு முன் பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் கொச்சி அரசுக்கும், இன்றைய இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கும் உரியனவாய் இருந்தன. ஆகவே ஒரு பக்கம் பிரிட்டிஷ் காலணாவும், மறுபக்கம் சங்கு முத்திரை கொண்ட திருவிதாங்கூர்க் காசும் கிடைக்கின்றன. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம்; 28 சக்கரம் ஒரு ரூபாய்.

இவற்றிடையே அரிதாகக் கண்ணில் படுவது திப்பு சுல்தானின் யானைக் காசு. பாலக்காட்டுக் கோட்டையை 1766இல் ஹைதர் அலி கட்டினார். 1790இல் கம்பெனிப் படை அதைக் கைப்பற்றியபோது, அது அவர் மகன் திப்புவின் வசம் இருந்தது.

முதலில் படித்தல்

தரம் பார்க்குமுன் காசைப் படிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் யானை. மறுபக்கத்தில் பாரசீக எழுத்தில் நாணயச்சாலையின் பெயர். 'பட்டன்' என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம். இவ்வகை மிகுதியாகக் கிடைக்கிறது. 'ஃபரூக்கி' என்றால் கோழிக்கோட்டை அடுத்த ஃபெரோக். அந்நாணயச்சாலை சில ஆண்டுகளே இயங்கியதால் அதன் காசுகள் அரியவை. 1787 முதல் திப்பு மௌலூதி என்னும் ஆண்டுக் கணக்கைப் பின்பற்றினார். அதன் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. இடமிருந்து 8121 எனத் தோன்றுவது உண்மையில் 1218. அதனுடன் 572ஐக் கூட்டினால் 1790 கிடைக்கும். முழுப் பைசாவின் எடை சுமார் 11 கிராம்.

தரத்தின் அளவுகோல்

இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோலும் செப்புக் காசிலிருந்தே பிறந்தது. 1793 முதல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அச்சிடப்பட்ட சென்ட் காசுகள், நம் யானைக் காசின் சமகாலத்தவை. அவற்றைத் தரம் பிரிக்க வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் 1 முதல் 70 வரையிலான எண்களை வகுத்தார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரியுமளவு தேய்ந்தது 1. அச்சிலிருந்து வந்தபடியே குறையின்றி இருப்பது 70. நம் காசைப் பார்க்கும்போது நான்கு வினாக்களைக் கேட்டால் போதும்.

1. தேய்மானம் எவ்வளவு? நம் கணக்கேடுகளில் தேய்மானம் ஆண்டுகளால் வருவது. காசிலோ கைகளால் வருவது. யானையின் தலை, காது, தோள் ஆகிய மேடுகளே முதலில் மழுங்கும்.

2. அது தேய்மானந்தானா? அக்காலத்தில் கையால் சம்மட்டி கொண்டு அச்சிட்டனர். தகடு அச்சைவிடச் சிறிதாயின் எழுத்துகள் ஓரத்தில் விடுபடும். அடி வலுவாக விழாத இடம் இரு பக்கங்களிலும் ஒருங்கே மங்கியிருக்கும். இவை பிறவிக் குறைகள், தேய்மானம் அல்ல.

3. மேற்பரப்பு எத்தகையது? சீரான பழுப்பு நிறம் அழுக்கன்று. செம்பைக் காக்கும் போர்வை. கெட்டியான பச்சைக் களிம்பு பெரும்பாலும் மேலும் பரவாது. தொட்டால் மாவாய் உதிரும் வெளிர்பச்சைக் களிம்போ காசையே அரித்துவிடும்.

4. மெய்யானதா? விளிம்பில் ஒட்டுக்கோடும் மேனியில் சிறு குமிழ்க்குழிகளும் இருப்பின் அது வார்ப்பு. இராமர், அனுமன் உருவங்களும் 1818 என்ற ஆண்டும் பொறித்துக் 'கம்பெனிக் காசு' என விற்கப்படுபவை பிற்காலத்தில் செய்தவை.

காப்பதும் விற்பதும்

புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பொடி ஆகியவற்றைக் காசின்மேல் படவிடாதீர்கள். அவை பழுப்புப் போர்வையை உரித்துவிடும். அது பழையபடி திரும்பாது. காசை விளிம்பில் பிடித்து, தனித்தனிக் காகித உறையில் இடுங்கள். இடவப்பாதி மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இருக்கட்டும்.

நூறாண்டு கடந்த காசுகள் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. மண்ணில் புதைந்து கிடைத்த காசானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய காசுகளை வாங்குவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணமும் வரியும் கேட்போரைப் பற்றி அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. காசை நேரில் பாராமலே விலை சொல்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

நம் வாடிக்கையாளர் பணம் அனுப்பவில்லை. பளபளத்த காசு, முந்தைய வாரம் அவரே புளியிட்டுத் தேய்த்தது. பழுப்புக் காசை உருப்பெருக்கியின்கீழ் வைத்துக் காட்டினோம். யானையின் காது மடிப்பும் வாலும் தெளிவாய் இருந்தன. நாணயச்சாலையின் பெயரில் பாதி எஞ்சியிருந்தது. "இதையும் நாளைக்குத் தேய்ப்பதாக இருந்தேன், சார்" என்றார். அதைத் தனி உறையிலிட்டு, அதன்மேல் அன்றைய தேதியை எழுதி அவரிடம் கொடுத்தோம்.