கானப்பேர்ப் பதிகமும் பண்ணிசையும்

நுழையும்முன்

தமிழ்நாட்டுக் கோவில்களில் இசை, வழிபாட்டுக்குத் துணையாக நின்றதோடு அமையவில்லை. பாடுதலே வழிபாடாகவும் கொள்ளப்பட்டது. அதன் பொருளைச் சிவகங்கைச் சீமையின் பதிகம் ஒன்றன்வழி அறிவோம்.

சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோவில் முற்காலத்தில் கானப்பேர் எனப்பட்டது. புறநானூறு அதனை வேங்கைமார்பனின் அரணாகக் காட்டும். பின்னாளில் சம்பந்தரும் சுந்தரரும் அவ்வூரைப் பாடினர். சுந்தரர் திருச்சுழியில் தங்கிய இரவில், இறைவன் காளைப் பருவத்தினனாய்க் கையில் செண்டு ஏந்திக் கனவில் தோன்றி, தான் உறைவது கானப்பேர் என்று கூறி மறைந்ததாகச் சேக்கிழார் உரைப்பார்.

சுந்தரர் தம் பதிகத்தில் இறைவனைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியைப் பாடவில்லை. கண்டு தொழும் நாள் எந்நாளோ என்றே ஏங்குகிறார். அவ்வினா மீண்டும் மீண்டும் வருகிறது. பேச்சில் ஒருமுறை கேட்டால் வினா முடிந்துவிடும். இசையிலோ ஒவ்வொரு முறையும் ஏக்கம் ஆழமாகிறது. இப்பதிகத்தின் பண் புறநீர்மை. பகற்பண்ணாகிய அது இன்று பெரும்பாலும் பூபாள இராகத்தில் பாடப்படுகிறது. பூபாளம் விடியலுக்கு உரியது. இருள் முற்றும் விலகாத, ஒளி முழுதும் பரவாத அப்பொழுது, காணத் துடிக்கும் உள்ளத்துக்கு எத்துணைப் பொருத்தம்!

இத்தகைய பதிகங்களைப் பாடுதற்குத் தஞ்சைப் பெரிய கோவிலில் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் இசைக்க இருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தினான். அவர்தம் பணியைக் கல்வெட்டு, திருப்பதியம் 'விண்ணப்பம் செய்தல்' என்கிறது. இச்சொல் கருதத்தக்கது. ஓதுவார் பாடுவது அவையோரை நோக்கி அன்று, கருவறையை நோக்கியே.

விண்ணப்பம் செய்வோர்க்குத் தம் சொல்லின் பொருள் விளங்க வேண்டுமன்றோ? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இசைமேடைகளில் தமிழ்ப் பாடல்கள் அருகியே ஒலித்தன. காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தானில் பிறந்த இராசா சர் அண்ணாமலை செட்டியார் இந்நிலையை மாற்ற முனைந்தார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது; 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. இசைக்கு மொழி வேண்டா, நாதமே போதும் என்று சிலர் மறுத்தனர். அக்கூற்றை முற்றும் தள்ளிவிட இயலாது. சொல்லற்ற நாகசுர ஆலாபனையிலும் உள்ளம் உருகுவதுண்டு. ஆயினும், எந்நாளோ என்னும் சுந்தரரின் ஏக்கத்தைப் பூபாளம் மட்டும் தனித்து நின்று சொல்லிவிட முடியாது.

சொல்லைப் போலவே பண்ணும் காக்கப்பட வேண்டியிருந்தது. தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களும் இசையறிஞர்களும் ஒருங்கமர்ந்தனர். ஒவ்வொரு பண்ணையும் பாடிக் காட்டி, எவ்விராகத்தோடு அது பொருந்தும் என்று ஆராய்ந்தனர்.