கண்காட்சியும் கருப்பொருளும்

கேள்வி: தற்காலக் கலைக் கண்காட்சிக்கு உரிய கருப்பொருளை அதன் அமைப்பாளர் எங்ஙனம் கண்டடைகிறார்?

பதில்: ‘நினைவு’, ‘அடையாளம்’ என்பன போன்ற விசாலமான சொல் ஒன்றை முன்னதாகவே நிச்சயித்துக்கொண்டு, பின்னர் அதற்கு இசைந்த படைப்புகளைத் தேடிப் புறப்படுவது சுலபமான மார்க்கந்தான்; ஆயினும், எதையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் சொல்லுக்கு எதையும் விலக்கும் சக்தி இராது. இதற்கு மாறாக, 2014ஆம் ஆண்டுக் கொச்சி-முசிறி பினாலே என்னும் தற்காலக் கலைக் கண்காட்சியை அமைத்த ஓவியர் ஜிதிஷ் கல்லாட், அவ்வூரின் சரித்திரத்தையே ஆதாரமாகக் கொண்டார். வாஸ்கோ ட காமா 1498இல் வந்திறங்கிய மலையாளக் கரையில், அதே காலத்தில், கணித வானியல் அறிஞர் சங்கமகிராம மாதவரின் பரம்பரையில் வந்த நீலகண்ட சோமயாஜி முதலிய பண்டிதர்கள் கிரகங்களின் கதியைக் கணித்துக்கொண்டிருந்தனர் என்னும் அபூர்வமான பொருத்தமே அவருக்குக் கருப்பொருளாயிற்று. அக்கண்காட்சி நிகழ்ந்த ஆஸ்பின்வால் மாளிகையின் தரையில் சிற்பி அனிஷ் கபூர் அமைத்த ஓயாத நீர்ச்சுழி, கடலையும் அண்டத்தையும் ஒருங்கே நினைவூட்டியமையால், நீண்டதொரு விளக்கவுரையை (அத்தகைய உரைகளை யார்தாம் முழுவதும் வாசிக்கிறார்கள்!) வேண்டி நிற்கவில்லை. விண்வெளிக்கு விலகிச் சென்று அணுவுக்குள் திரும்பிப் புகும், வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியரின் 1977ஆம் ஆண்டு விஞ்ஞானத் திரைப்படத்தையும், கலைக்கூடத்துக்கு அந்நியமானதென்று ஒதுக்காமல், கல்லாட் அங்கே தாராளமாக இடம்பெறச் செய்தார்.