சாலம் என்னுஞ் சொல்லும் அதன் பொருள்களும்

ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குச் செல்லுஞ் சொற்களுள் மரஞ்செடிகளின் பெயர்கள் தனித் தன்மை வாய்ந்தவை. பெயர் கடல் கடந்து செல்லும். மரமோ தான் வேரூன்றிய நிலத்திலேயே நின்றுவிடும். சென்ற இடத்தில் அப்பெயர் வேறொரு மரத்தைப் பற்றிக்கொள்ளும். இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாவது ‘சாலம்’ என்னும் வடசொல். கொழும்பில் வாழும் நாம் நாடோறுங் காணும் ஒரு மரத்தோடு இச்சொல் தொடர்புடையதாதலின், இதனை ஆராய்தல் மாணவர்க்குப் பயன்தரும்.

வடமொழியிற் சாலம் என்பதற்குப் பொருள் ஒன்றன்று. அமரகோசம் இதனை மரத்தின் பொதுப்பெயர்களுள் ஒன்றாகவும், மதிலின் பெயராகவும், ஒரு தனி மரத்தின் பெயராகவும் கூறும். அத்தனி மரத்துக்குச் சர்ஜம், அசுவகர்ணம் என்னும் பெயர்களும் உண்டு. பாடசாலை, வைத்தியசாலை என்பவற்றில் வருஞ் சாலை, மனையை உணர்த்தும் வேறு சொல். மாயவித்தையைக் குறிக்குஞ் சாலம், ‘ஜாலம்’ என்பதன் தமிழ் வடிவம். ஒலியொப்புமை கண்டு இவற்றை ஒன்றெனக் கொள்ளலாகாது.

சாலம் என்னும் அத்தனி மரத்தைத் தாவரவியலார் ஷோரியா ரோபஸ்டா என்பர். 1793 முதல் 1798 வரை இந்தியாவின் மகாதேசாதிபதியாயிருந்த சேர் ஜோன் ஷோர் என்பார் பெயரால் அமைந்தது அது. இமயமலை அடிவாரத்திலும், வங்காளம், ஒடிசா, சத்தீசுக்கர், சார்க்கண்டு ஆகிய பகுதிகளிலும் இம்மரம் பெருங்காடாக வளரும். இதன் வைரமான கட்டை புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாக உதவியது; இலை உண்கலமாகத் தைக்கப்படும்; பிசின் தூபமாகப் புகைக்கப்படும். இந்தி, வங்காளம், நேபாளி ஆகிய மொழிகளில் இதன் பெயர் ‘சால்’ என்றே வழங்கும். அக்காடுகளில் வாழுஞ் சந்தால் மக்களோ தம் மொழியில் ‘சர்ஜோம்’ என்பர். புத்தர் பெருமான் பிறந்த உலும்பினிச் சோலையும், பரிநிருவாணம் எய்திய குசிநாராவின் இரட்டைச் சாலமும் இம்மரத்தைச் சார்ந்தனவே.

தமிழ்நாட்டில் இம்மரக்காடு இன்மையால், நம் புலவர் இப்பெயருக்கு ஈடு தேடினர். வான்மீகி கூறிய ஏழு சால மரங்களைக் கம்பர் ‘மராமரம்’ என்றார். கிட்கிந்தா காண்டத்து மராமரப் படலம் அப்பெயராலேயே அமைந்தது. சங்க நூல்களில் மரா என்பது வெண்கடம்பெனக் கொள்ளப்படும். பிற்கால அகராதிகள் மராமரம் என்பதற்குக் கடம்பு, ஆச்சா என இரு பொருளுந் தரும். தமிழ்நாட்டுக் காடுகளில் இன்று ஆச்சா எனப்படுவதோ புளியின் குடும்பத்தைச் சேர்ந்த பிறிதொரு மரம். எனவே, ‘மராமரம்’ என்னுஞ் சொல்லை மட்டுங் கண்டு மரத்தைத் துணிதல் இயலாது. நூலின் காலமும் இடமும் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

இனிச் சிங்களத்தை நோக்குவோம். பழைய சொற்களின் முதற்கண் நின்ற சகரம் அம்மொழியிற் பலவிடத்து ஹகரமாகத் திரியும். சப்த என்பது ‘ஹத’ என்றும், சூரிய என்பது ‘ஹிரு’ என்றும் ஆயின. அவ்வாறே சால என்பது ‘ஹல்’ எனத் திரிந்து, இலங்கையின் மழைக்காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பெயராயிற்று. அம்மரமும் வடநாட்டுச் சாலமும் ஒரே குடும்பத்தன. இரண்டும் பிசின் தருவன. இப்பெயர் மாற்றம், உறவுடைய மரத்தையே சார்ந்தமை கருதத்தக்கது.

ஆயினும் இன்று சிங்கள மக்கள் ‘சல்’ என்று போற்றுவது இவ்விரண்டுமன்று. விகாரை முற்றங்களில் அடிமரத்திலேயே கொத்தாகப் பூத்து, பீரங்கிக் குண்டு போன்ற காய்களைத் தாங்கி நிற்கும் மரமே அது. பிரெஞ்சுத் தாவரவியலார் ஒபிளே 1775இல் அதனைக் கயானா நாட்டின் பெயரோடு சேர்த்துக் கௌரௌப்பிற்றா கயனென்சிஸ் என்றார். அதன் தாயகம் தென்னமெரிக்கா. கொலம்பசு 1492இல் அமெரிக்காவை அடைந்ததன் பின்னரே அம்மரம் கீழைத்தேயம் வந்திருத்தல் கூடும். பேராதனைப் பூந்தோட்டத்தில், பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நாட்டிய மரம் இவ்வினத்ததே. ஆகவே குசிநாராவில் நின்ற மரம் இதுவாதல் இயலாது என்பது தெளிவு.

எனின், பெயர் மாறியது எவ்வாறு? பூவின் நடுவே தூபி போன்ற ஒரு மேடு. அதன்மேற் கவிந்த குடை போன்ற மகரந்தத் தொகுதி. பௌத்தர் அதில் தாதுகோபத்தைக் கண்டனர். அதே மேட்டைச் சிவலிங்கமாகவும், கவிந்ததை ஐந்தலை நாகத்தின் படமாகவும் கண்ட சைவர் ‘நாகலிங்கம்’ என்றனர். கன்னடத்திலும் வங்காளத்திலும் அப்பெயரே வழங்குகிறது. தாய்லாந்தில் இம்மரம் ‘சால லங்கா’ எனப்படும். இலங்கையிலிருந்தே அப்பெயர் சென்றதென்பதற்கு அச்சொல்லே சான்று. சாலம் வளராத யப்பானிலோ, தேயிலையின் குடும்பத்து வேறொரு மரத்துக்கு அப்பெயர் அமைந்தது.

இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் பயன் இரண்டு. முதலாவது, மொழிபெயர்ப்போர்க்கு உரியது. சிங்கள நூலில் ‘சல்’ என வருமிடத்து, அது பழைய புத்த சரிதமாயிற் ‘சாலம்’ என்றும், இன்றைய விகாரை முற்றத்து மரமாயின் ‘நாகலிங்கம்’ என்றும் எழுதுதல் வேண்டும். வைத்திய நூலிற் சாலப்பிசின் எனக் கண்டு நாகலிங்க மரத்தை நாடுவோன் மருந்தைத் தவறவிடுவான்.

இரண்டாவது, இந்நகரில் வாழும் நம் அனைவர்க்கும் உரியது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் தமிழ் மாணவன் நாகலிங்கம் என்பதையே, அவனுடைய சிங்கள நண்பன் சல் மல் என்பான். யார் கூறுவது சரி என்று அவர்கள் வாதிடவேண்டியதில்லை. மரமோ இருவர்க்கும் விருந்தாளி. இருவரும் தத்தம் வழிபடு பொருளையே அதிற் கண்டு பெயரிட்டனர். பூவை இட்டு வணங்குவோரின் அன்பு, பெயர் வரலாற்றால் ஒருசிறிதுங் குறைவதில்லை. ஆயின் வரலாற்றை அறிந்தவன், அயலவன் இட்ட பெயரைப் பிழையென்று இகழான். அவ்வறிவை நம் மாணவர் பெறுவாராக.