வண்ண மீன் வளர்ப்புக்குக் கண்ணாடி வடிகட்டித் தொட்டி

மதுரை மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்திற்கும் காய்கறி, மலர்ச் சந்தைகளுக்கும் பெயர் பெற்றிருப்பினும், அப்பெயர் மாட்டுச் சந்தையால் வந்ததாகும். பல் பார்த்து, சுழி பார்த்து, நடக்க விட்டுப் பார்த்த பின்னரே மாடு பிடிப்பது நம் வழக்கம். வீட்டில் வண்ண மீன் வளர்க்க முற்படும் விவசாயிகள், தாமே செய்த கண்ணாடித் தொட்டியையும் அவ்வாறே சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும்.

கீழ்த்தொட்டி எதற்கு?

மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வளரும் நுண்ணுயிரிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் இட்ட யூரியா பயிருக்கு உதவும் நைட்ரேட்டாவதும் இத்தகைய நுண்ணுயிரிகளால்தான். மீன் தொட்டியின் கீழே வைக்கப்படும் சம்ப் தொட்டி இப்பணிக்கு இடம் தருகிறது. மேல்தொட்டியில் மிகும் நீர் குழாய் வழியே இதில் இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் மூலம் மீண்டும் மேலே செல்லும்.

அளவுகள்

6 மி.மீ. கனமுள்ள சாதாரணக் கண்ணாடி போதுமானது. அடிப்பலகை 90 × 40 செ.மீ. ஒன்று, முன், பின் பலகைகள் 90 × 40 செ.மீ. இரண்டு, பக்கப் பலகைகள் 38.6 × 40 செ.மீ. இரண்டு. பக்கப் பலகையில் குறைத்துள்ள 1.4 செ.மீ., இருபுறக் கண்ணாடியின் கனத்திற்கும் பசைக்கும் ஆனது. தடுப்புகள் மூன்றும் 38.6 செ.மீ. அகலம் இருக்கட்டும். முதல் தடுப்பு அடியில் ஒட்டி 25 செ.மீ. உயரம், இரண்டாவது 30 செ.மீ. உயரம், அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கி ஒட்டியது, மூன்றாவது அடியில் ஒட்டி 20 செ.மீ. உயரம். தடுப்புகளுக்கிடையே 3 செ.மீ. இடைவெளி விடவும். நீர் ஏறி இறங்கிச் செல்லும்போது காற்றுக் குமிழிகள் நீங்கிவிடும்.

வெட்டும் முறை

டஃபன்டு கண்ணாடியை வெட்ட இயலாது. துகள் துகளாக நொறுங்கும். சமமான மேசை மீது சாக்கு விரித்து, துடைத்த கண்ணாடியை வைக்கவும். கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, சட்டத்தை ஒட்டி ஒரு முனை முதல் மறு முனை வரை ஒரே இழுப்பாகக் கோடிட வேண்டும். அதே கோட்டில் இரண்டாம் முறை இழுத்தல் கூடாது. உடனே கோட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, வெளியே நீட்டியுள்ள பகுதியைக் கீழ்நோக்கி அழுத்தினால் உடையும். விளிம்புகளை நீர் தொட்ட சாணைக்கல்லால் தேய்க்கவும். கையுறை, கண்ணாடி, செருப்பு அவசியம். குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

ஒட்டும் முறை

காடி வாடை வீசும் தூய சிலிக்கோன் பசையே ஏற்றது. குளியலறைக்கென விற்கப்படும் பூஞ்சாணக் கொல்லி கலந்த பசை மீன்களைக் கொல்லக்கூடும். விளிம்புகளை ஸ்பிரிட்டால் துடைத்த பின் விரல் படக்கூடாது. பசையை விட்டு விட்டு இடாமல் தொடர்ச்சியாக இட்டு, பலகைகளை நிறுத்தி, நாடாவால் கட்டவும். மூலைகள் செங்கோணத்தில் உள்ளனவா எனப் பார்த்து, உட்புற மூலைகளிலும் பசையிட்டு, தோல் படியும் முன் விரலால் வழிக்கவும். காடி வாடை முற்றிலும் நீங்க ஒரு வாரம் விடவும்.

பின்னர் தெர்மாகோல் பலகை மேல் வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் விரித்து, சிறிது சிறிதாக நீர் நிரப்பி 24 மணி நேரம் பார்க்கவும். தாள் நனைந்தால் கசிவு உண்டு. உலர்ந்த பசையின் மேல் புதுப் பசை நன்கு பிடிக்காது. எனவே கசியும் இணைப்பின் பழைய பசையைப் பிளேடால் முழுவதும் சுரண்டிவிட்டே மீண்டும் ஒட்ட வேண்டும்.

மின்சாரம் நின்றால்?

பலர் கோட்டை விடுவது இங்குதான். பம்ப் நின்றதும், நீரேற்றும் குழாய் சைஃபனாக மாறி மேல்தொட்டி நீரைக் கீழே இழுக்கும். 120 × 45 செ.மீ. பரப்புள்ள மேல்தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் கீழே வரும். குழாயின் வாய் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 81 லிட்டர் வரும். கீழ்த்தொட்டியில் 25 செ.மீ. வரை நீர் நின்றால் மீதியுள்ள 15 செ.மீ. சுமார் 50 லிட்டரையே தாங்கும். இரவில் மின்சாரம் நின்றால், விடியும்போது வீடெங்கும் நீரும் மேலே தவிக்கும் மீன்களுமே மிஞ்சும். குழாயின் வாயை நீர்மட்டத்திற்கு 2 செ.மீ. கீழே வைத்தால் சுமார் 11 லிட்டரே இறங்கும். மட்டத்தையொட்டிக் குழாயில் சிறு துளையிடுவதும் நலம். அதில் பாசி அடையாமல் வாரந்தோறும் குத்திவிடவும்.

மீன் விடுமுன், பம்ப்பை ஓட்டிப் பின் நிறுத்தி, கீழ்த்தொட்டி வழிகிறதா எனப் பலமுறை பார்க்கவும். வழிந்தால், ஓடும்போது நிற்கும் நீரைக் குறைக்கவும். கோடையில் ஆவியாகும் நீர் பம்ப் அறையில்தான் குறையும். பம்ப் வறண்டு கருகாதிருக்க நாள்தோறும் ஈடு செய்யவும். நீரில் கை வைக்குமுன் மின் இணைப்பைத் துண்டிக்க மறவாதீர்கள்.

மாற்றி எடுக்கும் பழைய நீரில் நைட்ரேட் உண்டு. மருந்தோ உப்போ கலவாத அந்நீரை மல்லிகைச் செடிக்கும் காய்கறிப் பாத்திக்கும் ஊற்றிப் பயன் பெறலாம்.